க்ரூகர் பக்கம் போகிறீர்களா? கட்டிலைப் பார்க்காதீர்கள், பானெட்டைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வரும் மே மாதம் பள்ளி விடுமுறையில் நீங்கள், மனைவி, 9 வயது மகன், 66 வயது அம்மா, நான்கு பேர் தென்னாப்பிரிக்கா போகிறீர்கள். ஏஜென்ட் க்ரூகர் தேசியப் பூங்கா பக்கத்தில் இரண்டு தனியார் லாட்ஜில் இரண்டிரண்டு இரவு போட்டுக் கொடுத்திருக்கிறார். விலையைப் பார்த்ததும் தலை சுற்றுகிறது. காரை வாடகைக்கு எடுத்து நாமே சுற்றினால் அதே சிங்கம்தானே, எதற்கு இவ்வளவு காசு, அப்படியும் லாட்ஜ் என்றால் எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்தவன், சொந்தக் காசில் தப்பும் செய்திருக்கிறேன். அந்த அளவில் சொல்கிறேன்.

சட்டென்று பதில் வேண்டுமானால்: இரண்டு இரவு நீங்களே ஓட்டுங்கள், அப்புறம் மூன்று இரவு ஒரே லாட்ஜில் இருங்கள். இரண்டும் இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

நம்மூரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டியூப்லைட் மினுக்கும் கட்டடம்தான் ஞாபகம் வரும். அங்கே அதன் பொருள் வேறு. காட்டுக்கு நடுவே எட்டு, பத்து, அதிகம் போனால் இருபது அறை. மூன்று வேளைச் சாப்பாடு, காலையும் மாலையும் ஒவ்வொரு சஃபாரி, எல்லாம் ஒரே விலைக்குள். அந்த விலை அறைக்கு இல்லை, தலைக்கு. க்ரூகரை ஒட்டிய ஸாபி ஸாண்ட் என்ற தனியார் காப்பிடத்தில் ஓரளவு குறைந்த விலை என்பதே ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்குச் சுமார் 10,000 ராண்ட் (அந்த நாட்டுப் பணம்) பக்கம் வரும், உச்சத்தில் 40,000 ராண்டையும் தாண்டும். இன்றைக்கு ஒரு ராண்ட் எத்தனை ரூபாய் என்று பார்த்துப் பெருக்கிப் பாருங்கள். தலை சுற்றியது சரிதான்.

காசு எங்கே போகிறது என்று புரிய, அந்த நிலத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஸாபி ஆற்றை ஒட்டி 1898இல் ஒரு வனவிலங்குக் காப்பிடம் அறிவித்தார்கள், அதுவே வளர்ந்து 1926இல் க்ரூகர் தேசியப் பூங்கா ஆனது. இன்றைக்கு அதன் பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். அதன் மேற்கு விளிம்பில் தனியார் நிலங்கள் இருந்தன. அந்த உரிமையாளர்கள் 1948இல் ஒன்று சேர்ந்து அமைத்ததுதான் ஸாபி ஸாண்ட், சுமார் 65,000 ஹெக்டேர், நம் கணக்கில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கர். வடக்கே டிம்பவாட்டி, க்ளாசரி, மன்யெலெட்டி என்று இன்னும் சில காப்பிடங்கள் உண்டு. க்ரூகருக்கும் ஸாபி ஸாண்டுக்கும் நடுவே இருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே, காலையில் நீங்கள் காரிலிருந்து பார்த்த யானைக்கூட்டம் சாயங்காலம் லாட்ஜ்காரர் நிலத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கலாம். அதே சிங்கம்தானே என்றீர்கள், நூற்றுக்கு நூறு சரி. விலங்கு ஒன்றுதான், வேலியும் இல்லை, ஆனால் சட்டம் வேறு.

க்ரூகரில் நீங்கள் ஓட்டும்போது தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகம். ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, மே மாதத்தில் மாலை ஐந்தரைக்குள் பூங்கா கேட்டுக்கு வெளியேயோ முகாமுக்குள்ளோ போய்விட வேண்டும். சிறுத்தை ரோட்டிலிருந்து அறுபது மீட்டர் உள்ளே புதரில் படுத்திருந்தால் வாலின் நுனியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். பக்கத்தில் பதினைந்து கார் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். ஸாபி ஸாண்டில் அதே சிறுத்தைக்காக வண்டி ரோட்டை விட்டு இறங்கும், புதரைச் சுற்றும், ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஏறும், இருட்டிய பிறகும் விளக்கடித்துப் பார்க்கலாம். ஒரு விலங்கின் அருகே ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று வண்டிக்கு மேல் நிற்பதில்லை, மற்றவர்கள் ரேடியோவில் சொல்லி வைத்து வரிசையில் காத்திருப்பார்கள். காத்திருக்கும் வண்டியில் நீங்கள் இருந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

(இங்கே சிறுத்தை என்று நான் சொல்வது புள்ளிப் பூப் போட்ட, மரமேறும் சிறுத்தை. கண்ணிலிருந்து வாய்க்குக் கறுப்புக் கோடு இறங்கும், வேகமாக ஓடும் ஒல்லி விலங்கு சிவிங்கிப்புலி. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டன.)

இப்போது பானெட்டுக்கு வருகிறேன். அங்கே வண்டி கூரை இல்லாத லேண்ட் குரூஸர் அல்லது லேண்ட் ரோவர். ஓட்டுகிறவர் கைடு, அங்கே ரேஞ்சர் என்பார்கள். வண்டியின் மூக்கில், இடது பக்கம், பானெட்டுக்கு முன்னால் ஒரு இரும்பு நாற்காலி துருத்திக்கொண்டு நிற்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்தான் டிராக்கர், தடம் பார்ப்பவர். பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஷாங்கான் மக்கள். காப்பிடத்தை ஒட்டிய கிராமங்களில் பிறந்தவர்கள், சிலர் அப்பா, தாத்தாவிடமிருந்து கற்றவர்கள். ரேஞ்சர் பேசுவார், கதை சொல்வார், இங்கிலீஷ் சரளமாக வரும், அதனால் விருந்தாளிகள் எல்லோரும் அவரையே கொண்டாடுவார்கள். கண்டுபிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்.

ஒரு ஜூன் மாதக் காலை. ஆறரை மணி இருக்கும். டிராக்கர் கையை மட்டும் தூக்கினார், வண்டி நின்றது. மண் ரோட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் இறங்கிக் குனிந்து ஒரு குச்சியால் வட்டம் போட்டுக் காட்டிய பிறகு பாதத் தடம் தெரிந்தது. பெண் சிறுத்தை, ராத்திரி போனது இல்லை, விடிந்த பிறகு போயிருக்கிறது என்றார். எப்படி என்று கேட்டேன். ரோடெல்லாம் பனி விழுந்து மண்ணின் மேல்பரப்பு அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. தடத்துக்குள் மட்டும் அந்தப் புள்ளி இல்லை, வழவழவென்று இருந்தது. பனி நின்ற பிறகு மிதித்த தடம், அவ்வளவுதான் கணக்கு. கொஞ்ச தூரம் தள்ளித் தடத்துக்குப் பக்கத்தில் சாக்கை இழுத்த மாதிரி ஒரு கோடு. எதையோ அடித்து இழுத்துப் போகிறது. இரண்டு பேரும் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்து போனார்கள், நாங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடத்தில் வந்தார்கள், வண்டி நகர்ந்தது, மறுபடி நின்றது, தடம் காய்ந்த புல்லுக்குள் போய்த் தொலைந்தது. அப்போது ஒரு அணில் விடாமல் கத்த ஆரம்பித்தது. எனக்கு அது அணில் சத்தம். அவருக்கு அது சிறுத்தை இருக்கும் முகவரி. ஒன்றரை மணி நேரம் முடிகிற நேரத்தில் ஒரு மருலா மரத்தின் கிளையில் இம்பாலா மான் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே அம்மாவும் பாதி வளர்ந்த குட்டியும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் வேறு எதையும் பார்க்கவில்லை, யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

இதற்குத்தான் காசு. இதை வைத்து லாட்ஜைத் தேர்ந்தெடுங்கள்.

என் முதல் தப்பைச் சொல்கிறேன். முதல் தடவை ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது, சின்னச் சின்ன நீச்சல் குளம் ஒவ்வொரு அறைக்கும், படமெல்லாம் பிரமாதம். பெயர் வேண்டாம், ஸாபி ஸாண்டிலும் இல்லை. போய்ப் பார்த்தால் வண்டியில் பத்துப் பேர், டிராக்கர் கிடையாது, கைடு ஒருவரே ஓட்டிக்கொண்டே தேட வேண்டும். அதைவிட மோசம், அவர்களுக்குச் சொந்தமாக இருந்த நிலம் கொஞ்சம்தான். இரண்டு நாளில் நாங்கள் ஒரே மூன்று கிழட்டு எருமைகளை நான்கு தடவை பார்த்தோம். மந்தையிலிருந்து விலகிச் சேற்றில் புரண்டுகொண்டு கிடக்கும் அந்தக் கிழவர்களுக்கு அங்கே ‘டக்கா பாய்ஸ்’ என்று பெயர். கடைசியில் அவையே எங்களை அடையாளம் கண்டுகொண்டிருக்கும்.

ஆக, ஏஜென்டிடமோ நேரடியாக லாட்ஜிடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் வண்டிகள் எத்தனை ஹெக்டேரில் ஓடலாம்? ஸாபி ஸாண்ட் ஒரே காப்பிடம் என்றாலும் உள்ளே ஒவ்வொரு நிலமும் ஒவ்வொருவருடையது. ஒரு லாட்ஜ் வண்டி தன் நிலத்திலும், பக்கத்து நிலக்காரரோடு ஒப்பந்தம் இருந்தால் அதிலும் மட்டும்தான் போகலாம். சிறுத்தை எல்லையைத் தாண்டிப் போய்விட்டால் டாட்டா காட்ட வேண்டியதுதான். ஐயாயிரம், பத்தாயிரம் ஹெக்டேர் என்று பதில் வந்தால் நல்லது. ஸாண்ட் ஆறோ ஸாபி ஆறோ அந்த நிலத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள், மே மாதத்துக்குப் பிறகு குட்டைகள் வற்ற வற்ற எல்லாம் ஆற்றோரம்தான் வரும். அடுத்து, ஒவ்வொரு வண்டியிலும் டிராக்கர் உண்டா. அடுத்து, வண்டிக்கு எத்தனை பேர். ஆறு என்றால் ஒரு வரிசைக்கு இரண்டு பேர், ஓரத்தில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். ஒன்பது, பத்து என்றால் நடுவில் மாட்டுகிறவர் பாவம். இவற்றுக்கெல்லாம் பதில் வந்த பிறகு நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். உங்களைப் போல நான்கு பேர் என்றால் தனி வண்டி எவ்வளவு கூடுதல் என்றும் விசாரியுங்கள். சின்னப் பையனும் வயதான அம்மாவும் இருக்கும்போது, வேண்டும்போது திரும்பிவிடலாம் என்ற சுதந்திரத்துக்கு விலை உண்டு. பெரிய லென்ஸோடு வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நம் பிள்ளை ‘போரடிக்குது’ என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

சிறுத்தைக்கு ஏன் எல்லோரும் ஸாபி ஸாண்டைச் சொல்கிறார்கள் என்றால், அது அந்த நிலத்தின் வாகு. ஆற்றோரம் பெரிய மரங்கள், ஒளிந்துகொள்ளப் புதர், எங்கும் இம்பாலா. கூடவே, 1970களின் கடைசியிலிருந்து ரேஞ்சர்களும் டிராக்கர்களும் துரத்தாமல், நெருக்காமல், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சிறுத்தைகள் வண்டியைக் கண்டுகொள்ளாத நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அம்மா சிறுத்தை வண்டிக்குப் பயப்படாவிட்டால் குட்டியும் பயப்படாமல் வளரும், இப்படியே தலைமுறை தலைமுறையாகப் போகிறது. இதைப் பார்த்து ‘ஜூ மாதிரி ஆகிவிட்டது’ என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. யாரும் தீனி போடுவதில்லை, அதற்குப் பிடிக்காவிட்டால் எழுந்து புதருக்குள் போகும், ஒன்றும் செய்ய முடியாது. சிங்கக்குட்டியைத் தடவிப் படம் எடுக்கலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று சில இடங்களில் காசு வாங்குகிறார்களே, கோபப்பட வேண்டியது அங்கே. அந்தக் குட்டிகளுக்குக் காட்டு வாழ்க்கை கிடையாது, வளர்ந்த பிறகு பல அடைத்து வைத்துச் சுடுகிற வேட்டைக்கும் எலும்பு வியாபாரத்துக்கும் போயிருக்கின்றன. பையன் ஆசைப்பட்டாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டும் இரண்டும் வேண்டாம் என்றேனே. கணக்குப்படி பார்த்தால் டிரைவ் (வண்டியில் போகும் சஃபாரி) எண்ணிக்கை குறையாது: இரண்டு இரவுக்கு நான்கு டிரைவ், நான்கு இரவுக்கு எட்டு, எங்கே இருந்தாலும் அதே. ஆனால் முதல் லாட்ஜில் இரண்டாம் நாள்தான் ரேஞ்சருக்கு உங்களைப் புரிய ஆரம்பிக்கும், உங்களுக்கும் அந்த நிலம் புரியும். நேற்று பார்த்த சிங்கக்கூட்டம் ராத்திரி வேட்டையாடியதா, அந்தப் பெண் சிறுத்தை குட்டியை எங்கே மாற்றியது என்று தொடர்கதை போல மனசு கேட்க ஆரம்பிக்கும். அப்போது மூட்டை கட்டினால் புது இடத்தில் புது ரேஞ்சர் மறுபடி வரிக்குதிரையிலிருந்து ஆரம்பிப்பார். போதாததற்கு, மதியத் தூக்கம் போய்விடும். அந்தத் தூக்கம் இல்லாமல் இந்தப் பயணம் தாங்காது, காரணம் நேர அட்டவணை அப்படி.

காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். காபி, ரஸ்க் (அங்கத்து ரஸ்க் நம் ரஸ்க்கை விடக் கெட்டி, நனைக்காமல் கடிக்காதீர்கள்), ஆறு, ஆறேகாலுக்கு வண்டி. மூன்று, மூன்றரை மணி நேரம் சுற்றுவார்கள், நடுவில் பாதுகாப்பான ஒரு இடத்தில் இறக்கி மறுபடி காபி. ஒன்பதரைக்குத் திரும்பி டிபன். பிறகு மூன்று, மூன்றரை வரைக்கும் தூங்குங்கள். டீயும் தின்பண்டமும் முடிந்து மறுபடி வண்டி, மே மாதம் ஐந்தேகால் வாக்கில் சூரியன் விழும், அப்போது ஒரு இடத்தில் நிறுத்திக் குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், அப்புறம் விளக்கடித்துக்கொண்டு இருட்டில் ஒரு மணி நேரம். ஏழரைக்கு வந்தால் மூங்கிலோ குச்சியோ நட்டு வட்டமாக அடைத்த முற்றத்தில் தீ மூட்டிச் சாப்பாடு, அதைப் போமா என்பார்கள். ஒன்பது மணிக்கு நீங்களாகவே படுத்துவிடுவீர்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு வருவார்கள். மே மாதம் பகலில் 26, 27 டிகிரி, சுகம். விடிகாலையில் பத்து டிகிரிக்குப் பக்கம் போகும், ஜூன், ஜூலையில் இன்னும் குறையும், அதில் கூரையில்லாத வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று எலும்பில் இறங்கும். போர்வையும் வெந்நீர்ப் பையும் லாட்ஜிலேயே தருவார்கள், ஆனாலும் அம்மாவுக்குக் குல்லா, கையுறை, காது மூடும் மப்ளர் கட்டாயம். ஊட்டிக்குக் கொண்டுபோனது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு போய் ஒன்பது மணிக்கு ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

அம்மாவுக்கு இடுப்பு வலி, முட்டி வலி இருந்தால் ரேஞ்சருக்கு நேர் பின்னால் உள்ள முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். உயரம் குறைவு, ஏறுவது சுலபம், குலுக்கலும் குறைவு. கடைசி வரிசை உயரம், பார்வை நன்றாக இருக்கும், ஆனால் பள்ளத்தில் விழும்போது முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும். வண்டியில் ஏணி மாதிரி இரண்டு மூன்று படி ஏறித்தான் உட்கார வேண்டும் என்பதையும் முன்பே சொல்லி வையுங்கள். சிங்கம் பத்தடியில் படுத்திருக்கும்போது திறந்த வண்டியில் எப்படி என்று அம்மா கட்டாயம் கேட்பார். விலங்குகள் வண்டியையும் அதிலுள்ள ஆட்களையும் ஒரே உருவமாகத்தான் எடுத்துக்கொள்கின்றன, சாப்பிடும் பொருளாகவோ மிரட்டும் பொருளாகவோ பார்ப்பதில்லை. எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் உடைந்துபோகும், அதனால்தான் உட்காருங்கள், உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சிங்கமும் சிறுத்தையும் மிக அருகில் வரும்போது டிராக்கரே தன் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே வந்துவிடுவார்.

பல லாட்ஜ்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் போக ஆள் வந்து கூட்டிப்போவார், அவர் இல்லாமல் இருபது அடிகூட நடக்கக் கூடாது. இதைப் பையனுக்கு ஊரிலிருந்தே சொல்லி வையுங்கள். பகலில் கவனிக்க வேண்டியது குரங்கு. கதவுத் தாழ்ப்பாளைப் போடாமல் விட்ட பத்து நிமிடத்தில் எங்கள் வீட்டு முறுக்கு டப்பா கூரை மேல் போய்விட்டது.

9 வயது என்றால் டிரைவுக்குப் பெரும்பாலான இடங்களில் சம்மதிப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழேதான் நிறைய இடங்களில் அனுமதி இல்லை. ஆனால் துப்பாக்கியோடு ரேஞ்சர் கூட்டிப்போகும் காட்டு நடைக்குப் பல லாட்ஜில் 16 வயது ஆக வேண்டும், ஆகவே நீங்களும் மனைவியும் முறை வைத்துத்தான் போக முடியும். மலேரியாவைப் பொறுத்தவரை, க்ரூகர் பக்கம் மழைக்காலத்தில் அபாயம் கூடுதல், மே மாதம் குறையத் தொடங்கும், இல்லாமல் போகாது. சின்னப் பிள்ளையும் வயதானவரும் இருப்பதால் மாத்திரை எது, எப்போது தொடங்குவது என்பதை உங்கள் டாக்டரிடம் ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். மாத்திரையே வேண்டாம் என்று முடிவெடுத்தால் மாடிக்வேயைப் பாருங்கள். போட்ஸ்வானா எல்லையில், ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நான்கு, நான்கரை மணி நேரக் கார்ப் பயணம், 75,000 ஹெக்டேர், மலேரியா இல்லாத பகுதி. ஒரு காலத்தில் அது மாடு மேய்ந்து தேய்ந்துபோன பண்ணை நிலம். 1991இல் காப்பிடமாக்கி, அடுத்த சில வருடங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அங்கே காட்டுநாய்கள் பார்க்க வாய்ப்பு நன்றாக உண்டு, சிறுத்தை மட்டும் ஸாபி ஸாண்ட் அளவுக்குச் சுலபமில்லை.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டிருந்தீர்கள். தேவையில்லை, ஆனால் எழுதிச் சொல்ல வேண்டும். வெறுமே வெஜிட்டேரியன் என்று எழுதாமல், மீன், கோழி, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, முட்டை பரவாயில்லை அல்லது கூடாது, ஒரு வேளையாவது சாதமும் பருப்பும் வேண்டும் என்று விளக்கமாக எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவில் நம் சமையல் புதிதில்லை. 1860இல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு முதல் கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் அந்த நாட்டுச் சமையலையே மாற்றியிருக்கிறார்கள். அட்சார் என்று எண்ணெயில் ஊறிய மாங்காய் ஊறுகாய் சூப்பர் மார்க்கெட்டிலெல்லாம் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு உதவும்.

பிக் ஃபைவ் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்ற அந்த ஐந்தும் பழைய வேட்டைக்காரர்கள், காலால் நடந்து சுடுவதற்கு ஆபத்தானவை என்று வைத்த பட்டியல், அழகுக்கோ அபூர்வத்துக்கோ அதில் இடமில்லை. முதல் நாளே ரேஞ்சரிடம் ‘எல்லாம் பார்த்துவிடலாமா’ என்று கேட்டால் அவரும் டிக் அடிக்கிற அவசரத்தில் உங்களை ஓட்டிக்கொண்டு போவார். அவர்கள் ரேடியோவில் ங்காலா, இங்வே, ந்த்லோவு என்று உள்ளூர்ச் சொற்களில் பேசிக்கொள்வதே நாம் முன்கூட்டி ஆசைப்பட்டு ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான். ங்காலா சிங்கம், இங்வே சிறுத்தை, ந்த்லோவு யானை. உங்கள் பையன் அரை நாளில் கண்டுபிடித்துவிடுவான். மே மாதம் இம்பாலாக்களின் இணைசேரும் காலம். நாள் முழுக்கப் பார்த்துச் சலித்துப்போகும் அந்தச் சாதுவான மான், அந்த மாதத்தில் இரவெல்லாம் உறுமுகிற உறுமலைக் கேட்டால் ஏதோ புலி வந்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். காட்டுநாய்கள் ஜூன் வாக்கில் குட்டி போட்டு வளையைச் சுற்றியே இருக்கும், மே மாதம் அவை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். மழை நன்றாகப் பெய்த வருடமானால் மே மாதத்திலும் புல் உயரமாக நிற்கும், அது ஒன்றுதான் இந்த மாதத்துக்குக் குறை.

காண்டாமிருகத்தைப் பார்த்தால் கொம்பு இல்லாமல் மொட்டையாக இருக்கலாம், பையன் கேட்பான். கொம்புக்காகச் சுடுகிறவர்களிடமிருந்து காப்பாற்ற மயக்க ஊசி போட்டு அறுத்துவிடுகிறார்கள். நம் நகம் போன்ற பொருள்தான், வலிக்காது, மறுபடி வளரும், ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி அறுக்க வேண்டும். சில லாட்ஜ்களில் காண்டாமிருகம் நிற்கும் இடத்தைப் படத்தோடு போட வேண்டாம் என்று சொல்வார்கள், போனில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள்.

சரி, நீங்களே ஓட்டும் இரண்டு நாள். இதை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லாட்ஜுக்குப் பிறகு போனால் எல்லாம் சப்பென்று இருக்கும். முன்னால் போனால் கண் பழகும், தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிறகுதான் டிராக்கரின் அருமை தெரியும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து க்ரூகரின் தெற்கு கேட்டுகளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம், ரோடு நன்றாக இருக்கும், நம்மைப் போல இடது பக்கம்தான். ஸ்குகூஸா அல்லது லோயர் ஸாபி முகாமில் அறை எடுங்கள், சமையல் வசதியோடு கிடைக்கும், லாட்ஜ் விலையில் ஒரு துண்டுதான். மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், இன்றைக்கே பாருங்கள். வெளிநாட்டவருக்குத் தலைக்குத் தினமும் பூங்காக் கட்டணம் தனி. இந்த இரண்டு முகாம்களுக்கும் நடுவே ஆற்றை ஒட்டிப் போகும் ரோட்டில் காலை கேட் திறந்ததும் மெதுவாக ஒரு தடவை போய் வாருங்கள், லோயர் ஸாபி பக்கத்திலேயே சன்செட் டேம் என்ற குளத்தில் மாலையில் எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் உட்காருங்கள். நீர்யானையும் முதலையும் எப்போதும் இருக்கும். யானை ரோட்டில் வந்தால் பின்னால் எடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், படத்துக்காக நெருங்காதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். விசா வேலையை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், பையனின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு பெற்றோர் பெயரும் இருக்க வேண்டும், நகலும் கையில் இருக்கட்டும். துபாய், தோஹா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சிக்கல் இருக்காது. மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள ஆப்பிரிக்க நாட்டில் நீண்ட நேரம் இறங்கி ஏறினால் சான்றிதழ் கேட்பார்கள். லாட்ஜுக்குச் சின்ன விமானத்தில் போவதானால் தலைக்கு 20 கிலோ, அதுவும் துணிப்பைதான், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கார் வைத்திருந்தால் அந்தக் கவலையே இல்லை, காரிலேயே லாட்ஜ் வரை போகலாம், வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். பெரிய கேமரா இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு ஆளுக்கொரு பைனாகுலர் வாங்குங்கள், பையனுக்குத் தனியாக ஒன்று. டிப்ஸ் எவ்வளவு என்று லாட்ஜே அறையில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும். ரேஞ்சருக்குத் தனி, டிராக்கருக்குத் தனி, சமையல், அறை ஊழியர்களுக்குப் பொது உண்டியல். டிராக்கருக்கான கவரை ரேஞ்சரிடம் கொடுத்தனுப்பாமல் அவர் கையிலேயே கொடுங்கள், மற்றவர்கள் அவருக்குக் குறைவாகக் கொடுப்பதுதான் வழக்கம், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், கிளம்புகிற நாள் காலை டிரைவைத் தவறவிடாதீர்கள், மூட்டையை முந்தின ராத்திரியே கட்டி வைத்துவிடுங்கள். நான் சொன்ன அந்த ஜூன் மாதச் சிறுத்தை, எங்கள் கடைசி நாள் காலையில் கிடைத்தது. மூன்று நாளாக ‘சிறுத்தை எங்கே, சிறுத்தை எங்கே’ என்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் வண்டியில் வந்த ஜோடி ஒன்று அன்றைக்குப் பெட்டி அடுக்க வேண்டும் என்று அறையிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்தபோது அவர்கள் தோசைக்கல் அளவு ஆம்லெட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.